ஈன்றெரிக்கும் உலை: என் நிரலில் ஓடுகிறது, வெளியே ஏன் ஓடவில்லை?

நுண்துகள்:

எனக்கு வேலை மென்பொருள். இயற்பியல் பட்டப்படிப்போடு நின்றுபோனது. இரண்டு மாதமாக இரவு பத்து மணிக்கு மேல் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருக்கிறேன். ஈன்றெரிக்கும் உலையை ஒற்றைப் பரிமாணத்தில் ஓட்டிப் பார்க்கும் சின்ன பைத்தான் நிரல், 400 வரிகூட வராது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. வழக்கமான அணுவுலை யுரேனியம்-235-ஐ நம்பி ஓடுகிறது. இயற்கை யுரேனியத்தில் அது 0.7 சதவீதம்தான். மற்றதெல்லாம் யுரேனியம்-238, தனியாக விட்டால் சங்கிலி வினை அதில் நிற்காது. ஆனால் அது ஒரு நியூட்ரானை விழுங்கினால் யுரேனியம்-239 ஆகிறது. 23 நிமிட அரை ஆயுளில் நெப்டூனியம், பிறகு 2.4 நாள் அரை ஆயுளில் புளூட்டோனியம்-239. அது நன்றாகவே பிளக்கும். ஆகவே ஒரு முனையில் செறிவூட்டிய யுரேனியத்தால் பற்றவைத்துவிட்டால் போதும். பக்கத்தில் இருக்கும் 238 புளூட்டோனியமாக மாறும், மாறிய இடத்திலேயே எரியும், எரியும்போதே அடுத்ததை மாற்றும். ஊதுபத்தியில் கங்கு நகர்வதைப் போல. எரித்ததைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலை தேவையில்லை. செறிவூட்டல் ஆலைகளில் மிஞ்சிக் குவிந்து கிடக்கும் சக்கை யுரேனியமே எரிபொருள்.

நிரலில் அலை புறப்பட்டது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகம். நள்ளிரவில் அந்த வளைகோடு வலப்பக்கமாக மெல்ல நகர்ந்ததைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் வரலாற்றைத் தேடினால் எரிச்சல்தான் வந்தது. சோவியத் விஞ்ஞானி ஃபைன்பெர்க் 1958-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். 1988-ல் ஃபியோக்டிஸ்டோவ் அலை வடிவில் எழுதினார். 1996-ல் எட்வர்ட் டெல்லரும் கூட்டாளிகளும். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் செகிமோட்டோ, 'கேண்டில்' என்ற பெயரில். கணக்கு எல்லோருக்கும் வந்திருக்கிறது. இத்தனை ஆண்டு ஆகியும் ஒரே ஒரு உலைகூட இந்த முறையில் ஓடவில்லை.

என் கேள்வி: இது இயற்பியலில் இடறுகிறதா, பொருளில் இடறுகிறதா, பணத்தில் இடறுகிறதா? அணுசக்தி வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இங்கே ஏற்கெனவே நான்கு இழைகள் ஓடுகின்றன, அதை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

கணக்கர்:

உங்கள் அலை பொய் இல்லை. ஆனால் அது வசதியான வீட்டுப் பிள்ளை, செலவு என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்திருக்கிறது.

புளூட்டோனியம் ஒரு வேக நியூட்ரானை உட்கொண்டால் சராசரியாகச் சுமார் 2.4 புதிய நியூட்ரான்கள் வரும். அதில் ஒன்று சங்கிலியைத் தொடர. இன்னொன்று, எரிந்துபோன புளூட்டோனியத்துக்கு மாற்றாகப் புதிதாக ஒன்றை ஈன. மிச்சம் 0.4. யுரேனியம்-238-உம் வேக நியூட்ரான் பட்டால் கொஞ்சம் பிளக்கும், அதனால் ஒரு சின்ன போனஸ். குடும்பத்தின் மற்ற எல்லாச் செலவும் இதற்குள் அடங்க வேண்டும்: உலையின் ஓரங்களில் தப்பி ஓடுவது, எரிபொருளைச் சுற்றியிருக்கும் உறை உருக்கு தின்பது, குளிர்விக்கும் சோடியம் தின்பது, பிளவில் பிறந்த சாம்பல் தின்பது. (தண்ணீர் உலையில் நியூட்ரான்கள் வேகம் குறைந்துவிடும், அந்த 2.4 சுமார் 2.1 ஆகிவிடும். அதனால்தான் இந்த வித்தை அங்கே பலிக்காது.) ஊதுபத்தி உவமை இந்த இடத்தில்தான் கைவிடுகிறது. ஊதுபத்தியின் சாம்பல் உதிர்ந்துவிடும். இங்கே சாம்பல் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

நான் இதைக் கடன் கணக்காகத்தான் பார்ப்பேன். சக்கை யுரேனியம் நிரப்பிய புதிய எரிபொருள் கட்டு உள்ளே போகும்போது கடனாளி. அக்கம்பக்கத்துக் கட்டுகளிடம் நியூட்ரான் வாங்கித்தான் புளூட்டோனியத்தைச் சேர்க்கும். மொத்த அணுக்களில் 4, 5 சதவீதம் எரியும்வரை அதற்கு வரவைவிடச் செலவுதான் அதிகம். அப்புறம் வரவு கூடும். வாங்கிய கடனைத் திருப்பி முடிப்பதற்குள் சுமார் 20 சதவீதம் எரிந்திருக்கும். அதற்கு முன் வெளியே எடுத்தால் உலை திவால். இன்று ஓடும் தண்ணீர் உலைகளில் எரிபொருளை ஏறத்தாழ 5 சதவீதம் எரிந்ததும் வெளியே எடுத்துவிடுகிறார்கள் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் இங்கே கடனே உச்சத்தில் நிற்கிறது.

இன்னொன்று. அலை உண்மையிலேயே பயணம் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்காவின் டெர்ராபவர் நிறுவனம் இந்த வகையை வடிவமைத்தபோது எரியும் பகுதியை நடுவில் நிறுத்திவிட்டு, கட்டுகளைத்தான் இடம் மாற்றி மாற்றி வைக்கத் திட்டமிட்டது. பயண அலையில் எந்த நேரமும் ஒரு மெல்லிய பட்டைதான் எரியும், மற்ற நீளம் முழுக்க சும்மா கிடக்கும். அந்தச் சும்மா இடத்துக்கும் சேர்த்து சோடியத்தைத் தள்ள வேண்டும். நிறுத்திய அலையில் அந்த வீண்செலவு இல்லை.

ஆனால் கசிவைக் குறைக்க உலை பெரிதாக இருக்க வேண்டும். பெரிய உலையில் சோடியம் கொதித்துக் குமிழ்விட்டால் வினை தணிவதற்குப் பதில் கூடும். சின்ன உலையில் கசிவே ஒரு பாதுகாப்பு. சிக்கனமும் பாதுகாப்பும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இடம் இது. வடிவமைப்பாளர்கள் இதற்குப் பல உபாயம் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை நியூட்ரான்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இயற்பியல் தடுக்கவில்லை, மிச்சம் வைக்காமல் கணக்குப் பார்க்கிறது. நிஜமான தடை எது என்று உருக்குக்காரன் வந்து சொல்லட்டும், அவர் வாழ்க்கையே அதுதான்.

எட்டணா:

பணம் பற்றி யாரும் பேசாததால் நான்.

அணுமின்சாரத்தின் விலையில் யுரேனியத்தின் பங்கு சிறியது. பெரும்பகுதி உலையைக் கட்டும் செலவும் அதற்கான வட்டியும். எரிபொருளை நூறு மடங்கு சிக்கனமாக்கினாலும் கட்டணத்தில் தெரிவது சொற்பம். அதற்காக இருபது ஆண்டு ஆராய்ச்சிக்கு யார் காசோலை எழுதுவார்கள்?

டெர்ராபவர் கதையையே பாருங்கள். 2017-ல் சீன தேசிய அணுக் கழகத்தோடு கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். 2018 அக்டோபரில் அமெரிக்க அரசு அணுத் தொழில்நுட்ப ஏற்றுமதியை இறுக்கியதும் அது நின்றது. இப்போது வயோமிங்கின் கெம்மரரில் அவர்கள் கட்டும் 345 மெகாவாட் 'நேட்ரியம்' சோடியம் உலைதான், ஆனால் 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழ்வரை செறிவூட்டிய யுரேனியத்தில் ஓடுவது. அந்த எரிபொருளுக்கு ரஷ்யாவை நம்பியிருந்தார்கள், 2022 போருக்குப் பிறகு அதுவும் போய்த் திட்டம் குறைந்தது இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. செறிவூட்டல் தொல்லையே வேண்டாம் என்று கிளம்பியவர்கள், செறிவூட்டிய யுரேனியம் கிடைக்காமல் காத்திருந்தார்கள். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம், மன்னிக்கவும்.

உருக்குக்காரன்:

கணக்கர் பந்தை என் பக்கம் உருட்டிவிட்டார். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எரிபொருள் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது இருப்பது அரை மில்லிமீட்டர் சுவர் கொண்ட ஒரு உருக்குக் குழாய்க்குள். அந்தக் குழாயைப் பற்றித்தான் நான் 26 ஆண்டு சம்பளம் வாங்கினேன்.

வேக நியூட்ரான் உருக்கில் பாயும்போது அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து தள்ளிவிடும். பெரும்பாலானவை உடனே ஏதோ ஒரு காலியிடத்தில் விழுந்து உட்கார்ந்துகொள்ளும். சராசரியாக ஒவ்வோர் அணுவும் எத்தனை முறை தள்ளப்பட்டது என்ற எண்ணிக்கைதான் டிபிஏ. 100 டிபிஏ என்றால் அந்தக் குழாயில் உள்ள ஒவ்வோர் அணுவும் நூறு தடவை வீடு மாறியிருக்கிறது. அதற்குப் பிறகும் அது குழாயாக இருப்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம்.

முன்பு ஆஸ்டினைட் வகைத் துருப்பிடிக்காத உருக்கைத்தான் பயன்படுத்தினார்கள். 1967-ல் ஸ்காட்லாந்தின் டவுன்ரே உலையிலிருந்து எடுத்த உறைகளில் மின்னணு நுண்நோக்கியால் பார்த்தபோது, உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் நிறைந்திருப்பதைக் காதோர்னும் ஃபுல்டனும் கண்டார்கள். யாரும் எதிர்பாராத சங்கதி. உருக்கு ரொட்டி மாவைப் போல உப்புகிறது. கொஞ்ச காலம் ஒன்றும் தெரியாது. ஓர் எல்லை தாண்டியதும், ஒவ்வொரு டிபிஏவுக்கும் சுமார் ஒரு சதவீதம் கன அளவு கூடிக்கொண்டே போகும், நிற்கவே நிற்காது.

நான் முதன்முதலில் இதைக் கையால் உணர்ந்தது ஒரு ஹாட் செல்லில், அதாவது கதிர்வீசும் பொருளைக் கையாளும் கனத்த சுவர் அறையில். கையால் என்பது சும்மா சொல்வது. நடுவில் ஒரு மீட்டர் கனத்துக்கு மஞ்சளோடிய ஈயக் கண்ணாடி, அந்தப் பக்கம் இருக்கும் இடுக்கிகளை இந்தப் பக்கத்துக் கைப்பிடிகளால் ஆட்ட வேண்டும். ஒரு ஊசியின் (எரிபொருள் அடைத்த அந்தக் குழாயை இப்படித்தான் சொல்வோம்) விட்டத்தை மேலிருந்து கீழ்வரை அளந்துகொண்டே வந்தோம். நடுப்பகுதி வந்ததும் அளவுமானியின் எண் கூடத் தொடங்கியது. கருவிதான் பழுது என்று முடிவுகட்டி, அளவு தெரிந்த ஒரு கட்டையை வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே எண். 3 சதவீதம். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும் கட்டில் எல்லாமே 3 சதவீதம் தடித்தால், இடையே சோடியம் ஓட இடம் எங்கே? கட்டின் வெளிப்பெட்டி ஒரு பக்கம் அதிகமாக வீங்கி வளைந்துவிட்டால், அதை உலையிலிருந்து உருவி எடுப்பதே ஒரு வாரப் பிழைப்பு.

அப்புறம் ஹெச்டி-9 போன்ற ஃபெரைட்-மார்டென்சைட் உருக்குகள் வந்தன. வீக்கம் மிகக் குறைவு. வாஷிங்டன் மாநிலம் ஹான்ஃபர்டில் 1982 முதல் 1992 வரை ஓடிய எஃப்எஃப்டிஎஃப் சோதனை உலையில் இதைச் சுமார் 200 டிபிஏ வரை கொண்டுபோனார்கள், தாங்கியது. நல்ல செய்தி.

கெட்ட செய்தி: கணக்கர் சொன்ன அந்த 20 சதவீதம் எரிவதற்குள் உறையின் மிக மோசமான இடம் வாங்கும் அடி 500 டிபிஏவுக்கு மேல். நம் கையில் இருக்கும் உண்மையான உலைத் தரவு அதில் பாதிக்கும் குறைவு. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, இருக்கும் கோட்டை அப்படியே நீட்டி வரைந்து 'தாங்கும்' என்று எந்த ஒழுங்குமுறை அதிகாரியிடமும் போய் நிற்க முடியாது. வீக்கத்தின் குணமே, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, திடீரென்று எகிறும் என்பதுதானே.

சோதித்துப் பார்த்துவிடலாமே என்பீர்கள். எங்கே? வேக நியூட்ரான் சோதனை உலைகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ரஷ்யாவின் டிமிட்ரோவ்கிராடில் 1969 முதல் ஓடும் பிஓஆர்-60-ல் ஆண்டுக்குச் சுமார் 20 டிபிஏ கிடைக்கும். 500-க்கு 25 ஆண்டு. ஒரு மாதிரித் துண்டை உள்ளே வைக்கும் இளம் பொறியாளர் அதை வெளியே எடுக்கும்போது ஓய்வு பெறும் வயதில் இருப்பார். உறையில் ஒரு திருத்தம் செய்து மறுபடி சோதிக்க வேண்டுமென்றால் அவருடைய மகள்தான் எடுக்க வேண்டும்.

குறுக்குவழி உண்டு. இரும்பு அயனிகளை முடுக்கி உருக்கின்மேல் பாய்ச்சினால் நாள்கணக்கில் இதே டிபிஏ வந்துவிடும். ஹெச்டி-9-ஐ அப்படி 600 டிபிஏவைத் தாண்டியும் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். நானும் அந்த மாதிரித் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன், மதிக்கிறேன். ஆனால் அயனி நுழையும் ஆழம் ஓரிரு மைக்ரான். பல ஆண்டு அடியைச் சில நாளில் கொடுத்தால் அணுக்களுக்கு நகர்ந்து அடங்க நேரம் போதாது, அதை ஈடுகட்ட வெப்பநிலையை ஏற்ற வேண்டும். நியூட்ரான் உருக்குக்குள் உண்டாக்கும் ஹீலியம் இதில் தானாக வராது, தனியாகச் செலுத்த வேண்டும். எந்த உருக்கை முதலில் கழிக்கலாம் என்று தெரிந்துகொள்ள அருமையான வழி. எந்த உருக்கை நம்பலாம் என்று அது சொல்லாது.

இதுவரை வெளியிலிருந்து வரும் அடி. உள்ளிருந்து வருவது வேறு. எரிபொருள் எரிய எரிய செனான், கிரிப்டான் வாயுக்கள் சேரும். ஐடஹோவில் 1964 முதல் 1994 வரை ஓடிய ஈபிஆர்-2 உலையில் ஆரம்பத்தில் உலோக எரிபொருளைக் குழாய்க்குள் இறுக்கமாக நிரப்பினார்கள். அது வீங்கிச் சில சதவீதத்திலேயே குழாயைக் கிழித்தது. பிறகு குழாயின் குறுக்குவெட்டில் 75 சதவீதத்தை மட்டும் எரிபொருளுக்குக் கொடுத்து, மிச்சத்தில் சோடியத்தை நிரப்பினார்கள். எரிபொருள் தாராளமாக வீங்கியது. சுமார் 30 சதவீதம் வீங்கியதும் வாயுத் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து, வாயு மேலே உள்ள காலி அறைக்குப் போய்விட்டது. இவ்வளவு எளிய திருத்தத்தால் சோதனை ஊசிகள் 20 சதவீதத்தை நெருங்கின. என் துறையில் எனக்குப் பிடித்த கதை இது. ஆனால் ஈன்றெரிக்கும் உலைக்கு 20 என்பது சராசரி, உச்சம் அதைவிட மேலே போகும். அங்கே வாயு மட்டுமல்ல, திடச் சாம்பலும் துளைகளை அடைத்துக்கொண்டே வரும். அதற்காக இன்னும் காலியிடம் விட்டால் உலையில் யுரேனியம் குறையும், கணக்கரின் கடன் இன்னும் ஏறும்.

போதாததற்கு, சீரியம், நியோடிமியம் போன்ற லாந்தனைடுகள் எரிபொருளின் ஓரத்துக்கு நகர்ந்து உறையை உள்ளிருந்து அரிக்கும். யுரேனியமும் இரும்பும் தொட்டுக்கொண்டால் 725 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகும். தனித்தனியாக இரண்டுமே ஆயிரத்துக்கு மேல் தாங்குபவை. நடுவே வனேடியம் அல்லது குரோமியப் படலம் கொடுக்கலாம். 20 ஆண்டு கிழியாத படலம் வேண்டும், அவ்வளவுதான்!

ஆக, பொருளில்தான் இடறுகிறது. 'முடியாது' என்று சொல்லமாட்டேன். முடியும் என்று காட்டுவதற்கு ஒரு தலைமுறை தேவைப்படுகிறது. பணம் போடுபவர்கள் ஒரு தலைமுறை காத்திருப்பதில்லை, அந்த அளவில் எட்டணா சொல்வதும் சரி.

புளியங்கொட்டை:

உருக்குதான் தொல்லை என்றால் உருக்கையே தூக்கிப் போடலாமே? எரிபொருளைக் குளோரைடு உப்பாக உருக்கி ஓடவிட்டால் உறையே கிடையாது.

உருக்குக்காரன்:

நல்ல வழி, நானும் அதன் ரசிகன். ஆனால் சாதாரணக் குளோரினில் முக்கால் பங்கு குளோரின்-35, அது நியூட்ரான் தின்னி. குளோரின்-37-ஐப் பிரித்தெடுத்துப் பயன்படுத்த வேண்டும். உப்பில் யுரேனியம் அடர்த்தி குறைவு என்பதால் உலை பெருக்கும். அப்புறம், உறை போனாலும் உப்பைத் தாங்கும் பானை இருக்கிறதே. உறையை ஐந்து பத்து ஆண்டில் மாற்றலாம், பானையை மாற்றுவது வேறு சங்கதி.

நுண்துகள்:

எல்லோருக்கும் நன்றி. வார இறுதி முழுக்க இதுதான்.

உறை, சோடியம் இரண்டையும் சேர்த்தேன். பக்கவாட்டுக் கசிவை ஒரு தோராயமான கழிவாகப் போட்டேன். முன்பு 11 சதவீதத்தில் அடைந்த கடன் இப்போது 22-ல்தான் அடைகிறது. பிறகு உருக்குக்காரன் சார் சொன்னபடி எரிபொருளை 75 சதவீதமாக்கினேன். அலை ஒரு முழம் போய் அணைந்துவிட்டது. ஊசிகளைத் தடிமனாக்கிச் சோடியத்தின் பங்கைக் குறைத்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது, ஆனால் இப்போது அந்த வெப்பத்தை இந்தக் கொஞ்சம் சோடியம் தாங்குமா என்று என் நிரலுக்குத் தெரியாது.

சார், ஒரு சந்தேகம். உறைதான் சாகிறது, எரிபொருள் இல்லை. அப்படியானால் 10 சதவீதத்தில் வெளியே எடுத்து, பழைய உறையை உரித்து, வாயுவை வெளியேற்றி, புது உறை போட்டு மறுபடி உள்ளே வைத்தால் என்ன?

உருக்குக்காரன்:

இதை முன்மொழிந்தவர்கள் உண்டு, எனக்கு இதில் நம்பிக்கையும் உண்டு. இதற்கு ஒரு முன்னோடியும் இருக்கிறது. ஈபிஆர்-2-க்குப் பக்கத்திலேயே 1964 முதல் 1969 வரை, எரிந்த எரிபொருளை ஆர்கான் நிரப்பிய செல்லுக்குள் தொலைவிலிருந்து இயக்கி உருக்கி, மறுபடி வார்த்து, புது உறை போட்டு, அதே உலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். 30,000 ஊசிகளுக்கு மேல். உருக்கும்போது வாயுக்கள் போய்விடும், லாந்தனைடுகள் பாத்திரத்தோடு வினைபுரிந்து பிரிந்துவிடும், புளூட்டோனியம் யுரேனியத்தோடேயே இருக்கும். நீங்கள் சொன்ன 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்பே எடுத்தால் ஒவ்வோர் உறைக்கும் 200 டிபிஏவுக்குள் வேலை முடிந்துவிடும், அதற்குத் தரவு இருக்கிறது.

ஆனால் 'ஆலை வேண்டாம்' என்று நீங்கள் முதல் பதிவில் எழுதியதை அழித்துவிடுங்கள். அது ரசாயனப் பிரிப்பு ஆலை இல்லைதான், ஆனாலும் மீட்டர் கனச் சுவர்களுக்குள் இடுக்கியால் வேலை செய்யும் ஒரு பட்டறை. நான் அதற்குள் இருந்திருக்கிறேன், மலிவான இடம் இல்லை.

நிரலில் சேர்ப்பதானால், ஆறவைக்கும் காலத்தையும் சேருங்கள். உலையிலிருந்து எடுத்ததை அன்றே உரிக்க முடியாது. வெளியே ஆறிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கட்டும் கடன் வாங்கிவிட்டு ஊரில் இல்லாத ஆள். அதற்கு ஈடாக உள்ளே இன்னொரு கட்டு வேண்டும்.

நுண்துகள்:

எத்தனை நாள் போடட்டும் சார்?

உருக்குக்காரன்:

90 நாள், ஒரு வருடம், மூன்று வருடம், மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். காத்திருக்கும்போது புளூட்டோனியம்-241 சிதைந்துகொண்டே இருக்கும், 14 ஆண்டு அரை ஆயுள். நல்ல எரிபொருள் போய் அமெரிசியம் வரும். உங்கள் நிரலில் 241 இருக்கிறதா?

நுண்துகள்:

இல்லை. 239-ஓடு நிறுத்திவிட்டேன். இன்றிரவு சேர்க்கிறேன்.